கடிகாரத்தைப் பார்த்தவர் கவனம் சிதறியவரா?

மறுவாழ்வு சிகிச்சைப் பிரிவு ஒன்றில் நான்கு ஆண்டுகளாக ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக (அன்றாடச் செயல்களைத் தாமே செய்துகொள்ள நோயாளிகளுக்குப் பயிற்சி தருபவராக) வேலை பார்க்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடியவற்றை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

பக்கவாதத்தில் இடது கையும் காலும் பலவீனமான, அறுபது வயதை ஒட்டிய ஒருவருக்கு இவர் சிகிச்சை அளித்திருக்கிறார். ஒற்றைக் கையால் சட்டை போட்டுக்கொள்வதுதான் முக்கிய இலக்கு. பலவீனமான கையை முதலில் நுழைப்பது, காலரைப் பிடித்து முதுகுப் பக்கமாகத் துணியை இழுத்துக்கொண்டு வருவது, கீழிருந்து மேலாகப் பட்டன் போடுவது என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுத்து, அன்றாடச் செயல்களுக்குப் பிறர் உதவி எவ்வளவு தேவை என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் தரும் ஃபிம் அளவுகோலில் 3-இல் இருந்தவரை 6-க்குக் கொண்டுவந்து டிஸ்சார்ஜ் செய்தார்கள். மறுபடி பரிசோதனைக்கு வந்தபோது பார்த்தால், வீட்டில் மனைவிதான் சட்டை போட்டுவிடுகிறார். ‘ஊக்கமில்லை. மனைவி அளவுக்கு மீறிச் செல்லம் கொடுக்கிறார்’ என்று வாசகி கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டார்.

அந்தப் பக்கமாக வந்த சீனியர் ஒருவர் நோயாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: “காலையில உங்க வீட்டுல யாருங்க முதல்ல கிளம்புறது?” மனைவி 8 மணிக்கு வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். இவராகச் சட்டை போட முக்கால் மணி நேரம் ஆகிறது. “அவள நிக்க வெச்சுட்டு நான் பட்டன் போட்டுட்டு இருக்க முடியுங்களா?” என்றிருக்கிறார். சட்டை அவருக்கு ஒரு பிரச்சினையே இல்லை. மனைவி போனபின் மாலை வரை தனியாக இருக்கும்போது கழிப்பறைக்குப் போய்வருவதுதான் அவருடைய பயம். அதை அதுவரை யாரும் கேட்கவில்லை. அன்றைக்குக் கூட்டம், அடுத்த முறை பேசலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை அவர் வரவில்லை. இரண்டு மாதம் ஆகிறது.

வாசகி தன் பழைய பயிற்சிக் குறிப்புகளைப் புரட்டியபோது ஒரு பதிவு கண்ணில் பட்டது: ‘நான்காவது பட்டனில் நிறுத்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். பிறகு அதே பட்டனைத் தொடர்கிறார். கவனச்சிதறல்.’

இப்போது அவர் கேட்பது: இந்த மாதிரி விவேகம் சிலருக்குப் பிறவியிலேயே வாய்ப்பதா, வருடம் ஆக ஆக வருமா? மாதாமாதம் எழுதித் தர வேண்டிய சுயபரிசீலனைக் குறிப்பால் என்ன பயன்? அசெஸ்மென்டை நம்புவதா, உள்ளுணர்வை நம்புவதா? அந்த நோயாளியை இப்போது தொடர்புகொள்வது முறையா?

அன்புள்ள வாசகிக்கு,

கடிதம் முழுக்க உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, உங்கள் குறிப்பில் இருக்கும் அந்த மூன்று வாக்கியங்களை மட்டும் மறுபடி படியுங்கள். முதல் இரண்டும் நீங்கள் கண்ணால் கண்டவை. மூன்றாவது நீங்கள் கட்டிய முடிவு. எத்தனையாவது பட்டன் என்பது வரை கவனித்து எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் குறிப்புகள் பலவும் ‘ஒத்துழைப்பு நன்று’ என்பதோடு முடிந்துவிடும். அவற்றை வைத்துக்கொண்டு பிற்பாடு யோசிக்க ஒன்றும் இருக்காது. உங்களுக்கு இருக்கிறது.

உங்கள் சந்தேகத்தையும் குறை சொல்ல மாட்டேன். இடப்பக்கம் பலவீனம் என்றால் பாதிப்பு பெரும்பாலும் மூளையின் வலப்பாதியில். கவனக் குறைவும், இடப்பக்கம் ஒன்று இருப்பதையே கண்டுகொள்ளாமல் விடுவதும் அப்படிப்பட்டவர்களிடம் அடிக்கடி காணப்படுபவை. அந்தக் கோணத்தில் யோசிக்காமல் இருந்திருந்தால்தான் தவறு. ஆனால் உங்கள் இரண்டாவது வாக்கியமே மூன்றாவதை மறுக்கிறது. கவனம் சிதறியவர் விட்ட இடத்துக்கு அவ்வளவு சுலபமாகத் திரும்புவதில்லை; யாராவது எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கும். இவர் தானாக, அதே பட்டனுக்குத் திரும்பியிருக்கிறார். மணி பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். “எதுக்கு மணி பாக்குறீங்க?” என்ற கேள்விக்கு அங்கே இடம் இருந்தது. அந்த இடத்தில் ஒரு பெயரை வைத்து மூடிவிட்டீர்கள்.

சுயபரிசீலனை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த வேலைதான். கண்டது எது, கருதியது எது என்று பிரித்து வைப்பது. தொழில் வல்லுநர்கள் யோசிக்கும் விதத்தை ஆராய்ந்த டொனால்ட் ஷோன் 1983-இல் இதை இரண்டு வகையாகச் சொன்னார்: வேலை நடந்துகொண்டிருக்கும்போதே யோசித்துக் கையை மாற்றுவது, வேலை முடிந்தபின் உட்கார்ந்து யோசிப்பது. உங்கள் சீனியர் செய்தது முதலாவது. நீங்கள் இந்தக் கடிதத்தில் செய்திருப்பது இரண்டாவது. இரண்டாவதை விடாமல் செய்கிறவர்களுக்கு முதலாவது மெல்ல மெல்லப் பழகிவருவதை நான் பார்த்திருக்கிறேன். நேரடியாக முதலாவதற்குத் தாவ நினைப்பவர்கள் வெறும் துடுக்கான கேள்வி கேட்பவர்களாக ஆகிவிடுகிறார்கள்.

6 என்ற எண் சொல்லாதது

ஃபிம்மில் 6 என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும்; மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 7 என்பது முழுச் சுதந்திரம். 6 என்பது ஆள் உதவி வேண்டாம், ஆனால் உபகரணம் தேவைப்படுகிறது, அல்லது நியாயமான அளவைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது, அல்லது பாதுகாப்பில் சந்தேகம் இருக்கிறது என்று பொருள். நீங்கள் போட்ட 6 சரியானது. கூடுதல் நேரம் எவ்வளவு, அது வீட்டில் யாருடைய நேரம் என்பதைச் சொல்ல அந்த எண்ணில் இடமில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த ஐ.சி.எஃப். வகைப்பாட்டில், ஒருவரால் என்ன செய்ய முடிகிறது என்பதற்கும், தான் வாழும் சூழலில் அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதற்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. பயிற்சி அறையில் நீங்கள் அளந்தது முதலாவதை. வீட்டில் நடப்பது இரண்டாவது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால், என்ன காரணம் என்று தேடுவதுதான் நம் வேலையின் தொடக்கம். நீங்களோ அந்த இடைவெளிக்கு அவருடைய மனைவியைப் பொறுப்பாக்கிவிட்டீர்கள்.

‘செல்லம்’ என்று எழுதியதைக் கொஞ்சம் கண்டிப்போடு சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த அம்மா வேலைக்கு நேரத்தோடு போகப் பார்க்கிறார். கணவரும் ஊக்கம் குறைந்தவர் அல்ல. இருக்கிற தெம்பையும் நேரத்தையும் எதில் செலவிடுவது என்று அவர் ஒரு முடிவெடுத்திருக்கிறார். பிறர் கை படாமல் ஒரு காரியத்தைச் செய்வது வேறு, தன்னுடைய நாள் எப்படிப் போக வேண்டும் என்று தானே தீர்மானிப்பது வேறு. நம் படிவங்களில் முதலாவதற்கு மதிப்பெண் இருக்கிறது, இரண்டாவதற்குப் பெரும்பாலும் இல்லை. உடுத்திவிட ஒரு ஆள் இருந்தால் மிச்சமாகும் நேரத்தில் நான் வெளியே போய் என் வேலையைப் பார்ப்பேன் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் போராடியவர்கள் பல பத்தாண்டுகளாகவே சொல்லிவருகிறார்கள். நாம்தான் ஒவ்வொரு தலைமுறையிலும் அதைப் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்கிறோம்.

இலக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு. அவரிடம் யாரும் கேட்காததால், அந்த உரிமையைச் சத்தமில்லாமல் வீட்டில் பயன்படுத்திக்கொண்டார்.

வருடங்கள் கொடுக்குமா?

தானாகக் கொடுக்காது. செவிலியர்கள் கற்றுக்குட்டி நிலையிலிருந்து கைதேர்ந்தவர்களாக ஆவதை ஐந்து படிகளாக விவரித்த பேட்ரிஷியா பென்னர், அனுபவம் என்பதைக் கழிந்த ஆண்டுகளின் கணக்காக எடுத்துக்கொள்ளவில்லை. நாம் முன்கூட்டியே கொண்டிருக்கும் எண்ணங்கள் நேரில் காணும் சூழ்நிலைகளில் மோதித் திருத்தப்படுவதைத்தான் அவர் அனுபவம் என்றார். இது 1984-இல். பிற்பாடு 2009-இல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி க்ளைனும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். நிபுணர்களின் உள்ளுணர்வைச் சந்தேகித்தே பேர் வாங்கியவர் முன்னவர். அதை மதித்து ஆராய்ந்தவர் பின்னவர். இருவரும் ஒத்துப்போன இடம் இது: ஒரு துறையில் நடப்பவற்றுக்கு ஓரளவு ஒழுங்கு இருக்க வேண்டும், நம் ஊகம் சரியா தவறா என்று திரும்பத் திரும்ப நமக்குத் தெரியவர வேண்டும். இரண்டும் இருந்தால்தான் உள்ளுணர்வை நம்பலாம். ஒருவர் தன் ஊகத்தை எவ்வளவு உறுதியாக நம்புகிறார் என்பதை வைத்து அது சரி என்று சொல்லிவிட முடியாது.

நம் தொழிலில் இரண்டாவது நிபந்தனைதான் அடிபடுகிறது. டிஸ்சார்ஜ் ஆனவர் வீட்டில் என்ன செய்கிறார் என்று நமக்குத் தெரிவதே இல்லை. பயிற்சி அறையில் 6 வாங்கியவரை மனதில் வெற்றியாக எழுதிக்கொண்டு அடுத்தவரிடம் போய்விடுகிறோம். பத்து ஆண்டுகள் இப்படிப் போனால் வளர்வது தன்னம்பிக்கை மட்டும்தான்.

உங்களால் நாளைக்கே தொடங்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஒருவர் டிஸ்சார்ஜ் ஆகும் முன், உங்களுக்காக ஒரு ஊகத்தை எழுதி வையுங்கள்: சொல்லிக்கொடுத்தவற்றில் எதை இவர் வீட்டில் தொடர்வார், எதை விட்டுவிடுவார், ஏன். மறு பரிசோதனைக்கு வரும்போது அதை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். “செய்யறீங்களா?” என்று கேட்டால் நம்மைத் திருப்திப்படுத்த “ஆமா” என்பார்கள். “நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து என்னென்ன நடந்துச்சு, சொல்லுங்க” என்று கேட்டால் உண்மை வரும். ஊகத்தை எழுதி வைப்பது முக்கியம். எழுதாவிட்டால், விடை தெரிந்தபின் ‘இது எனக்கு அப்பவே தெரியும்’ என்று மனசு சொல்லிவிடும்.

சீனியரிடமும் போய்க் கேளுங்கள். எதைப் பார்த்து அந்தக் கேள்வி தோன்றியது என்றால், “சும்மா தோணுச்சு” என்பார். விடாதீர்கள். நோயாளி எப்படி உட்கார்ந்திருந்தார், மனைவி எங்கே நின்றார், யார் முகத்தை யார் பார்த்தார் என்று துருவுங்கள். “நான்தான் முதல்ல கிளம்புவேன்” என்று நோயாளி சொல்லியிருந்தால் அடுத்து என்ன கேட்டிருப்பீர்கள் என்றும் கேளுங்கள். சீனியரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதில்தான் அதிகம் இருக்கும்.

மாதக் குறிப்பை என்ன செய்வது

உங்கள் பிரிவில் தரும் ஆறு கட்டப் படிவம் கிரஹாம் கிப்ஸ் 1988-இல் வகுத்த சுழற்சி: நடந்தது, உணர்ந்தது, நல்லதும் கெட்டதும், அலசல், முடிவு, அடுத்த திட்டம். படிவத்தில் தவறில்லை. ‘உணர்வு போதவில்லை’ என்று சூப்பர்வைசர் திருப்பி அனுப்பியதும், அடுத்த மாதம் நீங்கள் ‘மிகவும் மனம் வருந்தினேன்’ என்று சேர்த்து எழுதித் தேர்ச்சி பெற்றதும்தான் வேடிக்கை. சூப்பர்வைசருக்காக வருந்த வேண்டாம்.

ஆனால் உணர்வுக்கு அங்கே ஒரு நிஜமான வேலை உண்டு. அவர் கடிகாரத்தைப் பார்த்தபோது உங்களுக்குள் என்ன ஓடியது? கடிதத்தில் ஓரிடத்தில், ‘அடுத்த நோயாளி வெளியே காத்திருந்தார்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கும் நேரம் நெருக்கியிருக்கிறது. அந்த எரிச்சலில், ‘கவனச்சிதறல்’ என்று எழுதி முடித்துவிட்டீர்களோ என்று கேட்டுப் பாருங்கள். அது உண்மை என்றால், அந்த ஒரு வரிதான் ‘உணர்ந்தது’ கட்டத்தில் இருக்க வேண்டியது. அது உங்கள் முடிவை எங்கே சாய்த்தது என்று காட்டுகிறது.

மாதக் கடைசி இரவில் ஆறு கட்டத்தையும் நிரப்புவதற்குப் பதில், வாரத்துக்கு ஒரு சின்னக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய சம்பவம் தேவையில்லை. என்ன கண்டேன், என்ன முடிவு கட்டினேன், அதே காட்சிக்கு வேறு என்ன விளக்கங்கள் இருக்கலாம், எது சரி என்று கண்டுபிடிக்க என்ன கேட்பேன் அல்லது செய்து பார்ப்பேன். கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதவில்லை என்றால் அது நாட்குறிப்பு. எழுதலாம், தப்பில்லை, ஆனால் வேலை மாறாது. இரவில் ஒரே சம்பவம் திரும்பத் திரும்ப ஓடித் தூக்கம் கெடுகிறது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அதை எழுதித் தீர்க்க முயல வேண்டாம். சூப்பர்விஷன் நேரத்தில் வாய்விட்டுப் பேசுங்கள். அப்படியும் நீடித்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

இன்னொன்று. 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் மானுடவியலாளர் ஷெரில் மேட்டிங்லியும் தெரபிஸ்ட் மொரீன் ஃப்ளெமிங்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் வேலை செய்வதை அருகிலிருந்து ஆராய்ந்தார்கள். கைதேர்ந்தவர்கள் ஒரே நேரத்தில் மூன்று தடங்களில் யோசிப்பதாக ஃப்ளெமிங் எழுதினார்: உடலின் குறைபாடும் அதற்கான முறையும், எதிரே இருக்கும் மனிதர், நோய்க்குப்பின் அவர் வாழப்போகும் வாழ்க்கை. ஆனால் கேஸ் ஷீட்டில் முதல் தடம் மட்டுமே ஏறியது. மற்ற இரண்டும் செய்யப்பட்டன, எழுதப்படவில்லை. இன்றும் நிலைமை அதிகம் மாறவில்லை. ஆகவே கவனியுங்கள்: ‘காலை 8 மணி முதல் மாலை வரை தனியாக இருக்கிறார், கழிப்பறை போக அஞ்சுகிறார்’ என்பது உங்கள் சுயபரிசீலனை அல்ல, சிகிச்சைத் தகவல். அது கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். உங்கள் குறிப்பேட்டில் மட்டும் இருந்தால் அடுத்து அவரைப் பார்ப்பவருக்குத் தெரியாது.

அசெஸ்மென்டா, உள்ளுணர்வா?

சீனியர் ‘எந்த அளவுகோலையும் தொடுவதில்லை’ என்று வியந்து எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு பழக்கத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் கேட்டது நல்ல கேள்வி. பதில் வந்ததால் அது உறுதியானது. வராமலும் போயிருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் மனச்சோர்வு வருகிறது. அசதி அதைவிட அதிகம். தெரிந்த செயலையே கோர்வையாகச் செய்ய முடியாமல் போவதும் உண்டு. இவை எல்லாமே வெளியிலிருந்து பார்த்தால் ‘வீட்டில் செய்வதில்லை’ என்றுதான் தெரியும். மனைவியின் வேலை நேரம் என்ற கதை மனதைத் தொடுகிறது என்பதற்காக மற்றவற்றைச் சோதிக்காமல் விட்டால், ‘கவனச்சிதறல்’ என்று அவசரப்பட்டு எழுதியதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. அடுத்த முறை மறு பரிசோதனைக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

அளவுகோல்களிலும் எல்லாம் ஒரே ரகம் இல்லை. 1991-இல் வந்த சி.ஓ.பி.எம். நோயாளியையே கேட்கச் சொல்கிறது: உங்களுக்கு முக்கியமானவை எவை, எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள், எவ்வளவு திருப்தி, 10-க்கு எத்தனை? இதை முதல் வாரத்திலேயே கேட்டிருந்தால் கழிப்பறை விஷயம் அப்போதே வெளியே வந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. உங்கள் பிரிவில் அது இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள். வரும்வரை வெறும் வாயால் கேட்கலாம்.

அவரைத் தொடர்புகொள்ளலாமா?

கொள்ளலாம், ஆனால் உங்கள் சொந்தக் கைபேசியிலிருந்து, உங்கள் மனபாரம் குறைய வேண்டும் என்பதற்காக அல்ல. பிரிவுத் தலைவரிடம் விஷயத்தைச் சொல்லி, நிறுவனத்தின் வழக்கமான தொடர் கவனிப்பு அழைப்பாகவே செய்யுங்கள். அவரிடமே பேசுங்கள். மனைவியிடம் பேச வேண்டியிருந்தால் அவர் சம்மதத்தோடு. நீளமான மன்னிப்பு வேண்டாம். அதைக் கேட்டு உங்களைத் தேற்றும் வேலை அவர் தலையில் விழும். “போன தடவை நீங்க சொன்னதுக்கு நாங்க ஒண்ணும் செய்யாம அனுப்பிட்டோம். பகல்ல தனியா இருக்கறப்ப பாத்ரூம் போறது எப்படி இருக்கு?” என்று தொடங்கினால் போதும். இந்த இரண்டு மாதத்தில் விழுந்தாரா, பகலில் போகாமலிருக்கத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாரா என்பதை மறக்காமல் கேளுங்கள். பலர் அப்படிச் செய்வார்கள், சொல்ல மாட்டார்கள்.

வர விரும்பினால் செய்ய நிறைய இருக்கிறது: நாற்காலியிலிருந்து எழுந்து கழிப்பறைக்குப் போய்வரும் பயிற்சி, கைப்பிடி, உட்காரும் உயரம், பக்கத்தில் யூரினல், ஒற்றைக் கையால் இறக்கி ஏற்றக்கூடிய உடை, விழுந்தால் யாரை எப்படி அழைப்பது. தனியாக இருக்கும் நேரத்தையும், முடிந்தால், சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்கலாம். சட்டையை மனைவிக்கு விடுமுறை உள்ள நாட்களில், அதுவும் அவருக்கு விருப்பமிருந்தால் வைத்துக்கொள்ளலாம். வர விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். அதையும் பதிவு செய்துவிட்டு, கதவு திறந்திருப்பதாக மட்டும் சொல்லுங்கள்.

கேஸ் ஷீட்டில் எழுதியதை அடிக்கவோ திருத்தவோ கூடாது. அது சட்டப்படி பதிவு. இன்றைய தேதியிட்டு, புதிதாகத் தெரியவந்தது இன்னது, முன்பு எழுதிய ‘ஊக்கமில்லை’ என்ற கருத்தை மாற்றிக்கொள்கிறேன் என்று தனிக் குறிப்பாகச் சேருங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. குறிப்பேட்டைக் கைபேசியில் நோயாளிகளின் பெயரோடு வைத்திருப்பதாகவும், உடன் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இந்தச் சம்பவத்தைப் பகிர்ந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் இது ரகசியக் காப்பு மீறல். பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. வயது, தொழில், ஊர், நோய் நான்கும் சேர்ந்தால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். சுயபரிசீலனைக் குறிப்புகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். புகார் விசாரணை வந்தால் அவற்றையும் கேட்கக்கூடும். குறிப்பேட்டில் ஆளைத் தெரிவிக்கும் எதுவும் இல்லாமல் மாற்றி எழுதுங்கள். குழுவில் போட்டதை நீக்குங்கள், மற்றவர்களையும் நீக்கச் சொல்லுங்கள். நோயாளிக்குப் போன் செய்வதற்கு முன் பிரிவுத் தலைவரிடம் பேசப்போகிறீர்கள் அல்லவா, அப்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.